மிச்சம் எங்கே? டாக்டர்கள் கற்கும் ‘கேட்கும்’ அறிவியல்

மாணவர்களே, உங்களில் பலர் இந்த வேலையைச் செய்திருப்பீர்கள். காலையிலேயே பாட்டியையோ தாத்தாவையோ அழைத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்கிற்குப் போவது, எண் எடுப்பது, இரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருப்பது. பிறகு டாக்டரின் அறையில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தமிழில் சொல்வதை மலாயிலும் டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்வது. சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர் வேலை!

நானும் அந்த வேலையைச் செய்தவள்தான். அப்போது நான் படிவம் 4 மாணவி. என் பாட்டிக்கு இனிப்புநீர். மாத்திரை மட்டும் போதாது என்று இன்சுலின் ஊசியும் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு குறையவே இல்லை. “ஊசியை ஒழுங்காகப் போடுகிறாரா?” என்று டாக்டர் கேட்பார். நான் பாட்டியிடம் கேட்பேன். பாட்டி தலையை ஆட்டிவிட்டு நீளமாக ஏதோ சொல்வார். தாத்தாவைப் பற்றி, தோட்டத்தில் இருந்த காலத்தைப் பற்றி. எனக்கோ பசி. வெளியே ஒரு கூட்டமே காத்திருக்கிறது. “ஓகேயாம், டாக்டர்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். டாக்டர் ஊசி மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதுவார். வீட்டுக்கு வந்துவிடுவோம். இப்படியே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓடின.

ஒரு நாள் வேறொரு இளம் டாக்டர் இருந்தார். குடும்ப மருத்துவ நிபுணராவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர். அதே கேள்வி. பாட்டியின் அதே நீளமான பதில். என்னுடைய அதே “ஓகே”. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அடிக், பாட்டி இவ்வளவு நேரம் பேசினார். நீ ஒரு வார்த்தைதான் சொன்னாய். மிச்சம் எங்கே?” என்று கேட்டார்.

என் முகம் சூடாகிவிட்டது. அந்த மிச்சத்தில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. அந்த டாக்டர் இப்படிக் கேட்டது அவருடைய நல்ல குணத்தால் மட்டும்தானா? இல்லை. அது அவர் கற்றுக்கொண்ட ஒரு திறன். இரசாயனத்தில் டைட்ரேஷன் செய்யப் பழகுவதைப் போல, அதையும் பாடமாக வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தின் பெயர் நடத்தை அறிவியல்.

குடும்ப மருத்துவர் என்பவர் யார்?

இருதய நிபுணர், கண் நிபுணர், எலும்பு நிபுணர் என்று உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். குடும்ப மருத்துவ நிபுணருக்கு அப்படி ஒரு தனிப் பகுதி கிடையாது. கைக்குழந்தை முதல் முதியவர் வரை, காய்ச்சல் முதல் மனச்சோர்வு வரை, முதலில் வந்து நிற்கும் எவரையும் பார்ப்பதுதான் அவருடைய துறை. ஒரே நோயாளியை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பார்.

அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டுதான் இது ஒரு தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த நாட்டின் 20ஆவது மருத்துவச் சிறப்புத் துறை இது. டாக்டர் பட்டம் பெற்றவர்கள் இதற்காக மேலும் 3 ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். மலேசியாவில் குடும்ப மருத்துவ முதுகலைப் பயிற்சிக்கு 4 ஆண்டுகள். நம் அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் பணியாற்றும் குடும்ப மருத்துவ நிபுணர்கள் பலர் இப்படிப் படித்து வந்தவர்கள்.

அமெரிக்கப் பயிற்சியில் ஒரு புதுமை இருந்தது. நோயைப் பற்றிய பாடங்களோடு மனிதர்களின் நடத்தையைப் பற்றிய பாடத்தையும் கட்டாயமாகச் சேர்த்தார்கள். அதைக் கற்பிப்பவர் பெரும்பாலும் டாக்டராகவே இருக்க மாட்டார். உளவியலாளராகவோ சமூகப் பணியாளராகவோ இருப்பார். டாக்டர்களுக்கு டாக்டர் அல்லாதவர் ஆசிரியர்!

இதற்குப் பின்னால் இருந்த சிந்தனையைத் தெளிவாக எழுதியவர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜார்ஜ் எங்கல். 1977இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நோயை உடல் உறுப்புகளின் கோளாறாக மட்டும் பார்த்தால் போதாது. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஒருவருக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாய் சுருங்கியிருப்பது உடல். மாத்திரை சாப்பிட்டால் தான் ‘நோயாளி’ ஆகிவிடுவோம் என்ற பயம் மனம். இரவு வேலை, கடைச் சாப்பாடு, கிளினிக்கிற்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற நிலைமை சமூகம். முதலாவதை மட்டும் கவனித்து மருந்து எழுதினால், அந்த மருந்து மேசை இழுப்பறையிலேயே தூங்கும்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சா?

அறிவியல் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. “நோயாளி பேசுவதைக் கேளுங்கள்” என்பது அறிவுரை. அதனால் பயன் உண்டா, இல்லையா என்பதை அளந்து பார்த்தால்தான் அறிவியல். அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1975இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. நிபுணரைப் பார்க்கப் புதிதாக அனுப்பப்பட்ட 80 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் முதலில் பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொல்வதைக் கேட்டு, என்ன நோய் என்று எழுதி வைத்தார்கள். பிறகு உடலைப் பரிசோதித்தார்கள். அதன் பின் இரத்தச் சோதனை, எக்ஸ்ரே போன்றவை. கடைசியில் உறுதியான முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 66 பேரின் நோயை, கேட்டு முடித்த கட்டத்திலேயே சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். உடல் பரிசோதனை 7 பேரிடமும் கருவிச் சோதனைகள் 7 பேரிடமும் முடிவை மாற்றின. 66 + 7 + 7 = 80. அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விடை நோயாளியின் வாயிலிருந்தே வந்துவிட்டது.

நோயைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி. மருந்து உடலுக்குள் போவது மறுபாதி. உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப்பேர்தான் சிகிச்சையைச் சொன்னபடி பின்பற்றுகிறார்கள். மருந்துத் தொழிற்சாலையில் எவ்வளவு துல்லியமாகத் தயாரித்தாலும், வாய்க்குள் போகாத மாத்திரை வேலை செய்யாது.

நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர். அடுத்த தீபாவளிக்கு வீட்டில் கூடும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள், கணக்குப் புரியும்.

18 விநாடிகள்

சரி, டாக்டர்கள் எவ்வளவு நேரம் கேட்கிறார்கள்? 1984இல் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். “என்ன செய்கிறது?” என்று டாக்டர் கேட்கிறார். நோயாளி சொல்லத் தொடங்குகிறார். சராசரியாக 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிட்டுப் பேச்சைத் திருப்பிவிடுகிறார். தொடங்கியதைச் சொல்லி முடித்தவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே.

இதில் என்ன ஆபத்து? நோயாளி முதலில் சொல்வதுதான் முக்கியமானது என்று டாக்டர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் நாம் எப்படிப் பேசுகிறோம்? அப்பாவிடம் பணம் கேட்கப் போனால், முதலில் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுத்தானே விஷயத்துக்கு வருகிறோம்? நோயாளிகளும் அப்படித்தான். “கால் கொஞ்சம் வலிக்கிறது” என்று தொடங்குவார். “நெஞ்சும் ஒரு மாதிரி அடைக்கிறது” என்பது மூன்றாவதாக வரும். 18 விநாடியில் குறுக்கிட்டால் டாக்டர் காலோடு நின்றுவிடுவார்.

1999இல் வெளியான ஓர் ஆய்வில் இதையே அனுபவமுள்ள குடும்ப மருத்துவர்களிடம் செய்து பார்த்தார்கள். 264 சந்திப்புகள். குறுக்கிடும் நேரம் 23 விநாடியாக மட்டுமே கூடியிருந்தது. ஆனால் அந்த ஆய்வில் வேறு இரண்டு செய்திகள் இருந்தன.

முதலாவது: முழுவதும் சொல்லி முடித்த நோயாளிகள், குறுக்கிடப்பட்டவர்களைவிடச் சராசரியாக 6 விநாடிகள்தான் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். வெறும் 6 விநாடிகள்!

இரண்டாவது: அந்த டாக்டர்களில் சிலர் கூடுதல் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுடைய சந்திப்புகளில் 44 விழுக்காட்டில் நோயாளிகள் சொல்லி முடித்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாதவர்களிடம் அது 22 விழுக்காடுதான். சரியாக இரண்டு மடங்கு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். “பயிற்சி டாக்டர்களை மாற்றிவிட்டது” என்று உடனே முடிவு கட்டலாமா? கூடாது. இயல்பிலேயே பொறுமையாகக் கேட்பவர்கள்தான் அந்தப் பயிற்சிக்குப் போயிருக்கலாம் அல்லவா? இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் கதையில் மறுபடியும் வரும்.

நோயாளியைப் பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார் என்பது பல டாக்டர்களின் பயம். இதையும் சோதித்தார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் டாக்டர்களுக்குக் கேட்கும் பயிற்சி கொடுத்து, நோயாளி தானாக நிறுத்தும்வரை குறுக்கிடாமல் இருக்கச் சொன்னார்கள். நோயாளிக்குத் தெரியாமல் நேரத்தையும் அளந்தார்கள். 2002இல் வெளியான முடிவு இது: 335 நோயாளிகள் பேசிய நேரத்தின் சராசரி 92 விநாடிகள், நடுவெண் அல்லது இடைநிலை 59 விநாடிகள். 78 விழுக்காட்டினர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

சராசரி 92, இடைநிலை 59. ஏன் இந்த வேறுபாடு? கணித வகுப்பில் படித்ததுதான். எல்லாரையும் பேசிய நேரப்படி வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் நேரம் 59. ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியவர்கள் 7 பேர் மட்டுமே. அப்படிப்பட்ட சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுகிறார்கள். டாக்டர்களின் மனத்தில் நிற்பதும் அந்தச் சிலர்தான். அதனால்தான் எல்லாருமே நிறுத்தாமல் பேசுவார்கள் என்று தோன்றுகிறது.

எப்படிக் கற்பிக்கிறார்கள்?

நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாது. இதுவும் அப்படித்தான். அமெரிக்கக் குடும்ப மருத்துவப் பயிற்சியில் பயன்படும் வழிகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

காணொளி. நோயாளியின் சம்மதத்தோடு சந்திப்பைப் பதிவு செய்கிறார்கள். சில இடங்களில் ஒருபுறமிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்து கவனிக்கிறார். பிறகு பயிற்சி டாக்டரும் ஆசிரியரும் சேர்ந்து பதிவைப் பார்க்கிறார்கள். “இங்கே நோயாளி ‘வீட்டிலும் கொஞ்சம் பிரச்சினை’ என்றார். நீங்கள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.” அந்தச் சில விநாடிகள் திரையில் ஓடும்போது மறுத்துப் பேச வழியில்லை.

நோயாளியாக நடிப்பவர். 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு நோயாளியைப் போல நடந்துகொள்ளப் பயிற்சி கொடுத்து, மாணவர்களின் திறனைச் சோதித்தார். இன்று இது உலகம் முழுவதும் மருத்துவக் கல்வியில் உள்ளது. ஒருவருக்குப் புற்றுநோய் என்று சொல்வதை முதன்முதலாக உண்மையான நோயாளியிடம் பழகிப் பார்ப்பது கொடுமை. நடிகரிடம் தவறு செய்யலாம், திருத்திக்கொண்டு மறுபடியும் செய்யலாம். முடிந்ததும் நடித்தவரே, “நீங்கள் அதைச் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது” என்று டாக்டரிடம் சொல்வார்.

பாலின்ட் குழு. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய மனநல மருத்துவர் மைக்கேல் பாலின்ட், 1950களில் லண்டனில் குடும்ப டாக்டர்களைச் சிறு குழுவாகக் கூட்டி உட்கார வைத்தார். ஒருவர் தன்னை வாட்டும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார். எந்த மருந்து கொடுக்கலாம் என்பது அங்கே பேச்சு இல்லை. “அந்த நோயாளி வந்தாலே எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது?” என்பதுதான் பேச்சு. டாக்டரும் மனிதர்தானே? தன் எரிச்சலைக் கவனிக்காத டாக்டர் அதை நோயாளியின் மீது காட்டிவிடுவார். இந்த அனுபவங்களைத் தொகுத்து பாலின்ட் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. அவர் பெயரிலேயே இந்தக் குழுக்கள் இன்றும் நடக்கின்றன.

ஐந்து படிகள். பரபரப்பான கிளினிக்கில் மணிக்கணக்கில் பேச முடியாது. அதற்காகவே நியூ ஜெர்சியில் குடும்ப மருத்துவப் பயிற்சி டாக்டர்களுக்குக் கற்பித்த மேரியன் ஸ்டுவர்ட், ஜோசப் லீபர்மன் இருவரும் ஒரு சுருக்கமான முறையை உருவாக்கினார்கள். ஒன்று, “உங்கள் வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது?” இரண்டு, “அது உங்களுக்கு எப்படி இருக்கிறது?” மூன்று, “அதில் உங்களை ரொம்ப வாட்டுவது எது?” நான்கு, “அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” ஐந்தாவது கேள்வி இல்லை. “அது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்” என்று புரிந்துகொண்டதைச் சொல்வது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். ஒரே நிகழ்ச்சி வெவ்வேறு மனிதர்களை வெவ்வேறு விதமாக வாட்டும். வேலை போனவர் பணத்துக்காகக் கவலைப்படுகிறார் என்று நாம் ஊகிப்போம். அவரோ பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார். கேட்டால்தான் தெரியும்.

நம் மொழியில் ஓர் அழகு உண்டு. ‘கேள்’ என்றால் வினவு என்றும் பொருள், காதுகொடு என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல். இந்தப் பாடத்தின் சாரமும் அதுவே.

மாற்றச் சொன்னால் மாறுவார்களா?

“சிகரெட்டை விடுங்கள்”, “இனிப்பைக் குறையுங்கள்” என்று டாக்டர் சொல்கிறார். நோயாளி தலையாட்டுகிறார். மாறுவதில்லை. கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்லி அம்மா பத்து முறை சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? வைக்கலாம் என்று நினைத்திருந்தாலும் அப்போது வைக்க மனம் வராது, இல்லையா? வற்புறுத்தினால் எதிர்ப்பு வளரும். இது நோயாளிகளுக்கும் பொருந்தும்.

மதுப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களோடு பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் வேறொரு வழியை எழுதினார். மாற வேண்டிய காரணத்தை டாக்டர் சொல்லக் கூடாது. நோயாளியின் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். “ஏன் இன்னும் விடவில்லை?” என்று கேட்டால் சாக்குகள் வரும். “விட்டால் உங்களுக்கு என்ன நல்லது நடக்கும்?” என்று கேட்டால் காரணங்கள் வரும். “பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம்” என்று அவரே சொல்லிவிட்டால், அது அவருடைய சொந்தக் காரணம்.

சில சொற்களால் உண்மையில் ஏதாவது மாறுமா? 1979இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில் 28 குடும்ப டாக்டர்களும் 2,000க்கும் மேற்பட்ட புகைப்பவர்களும் பங்கேற்றார்கள். எதுவும் சொல்லப்படாத குழுவில், புகைப்பதை நிறுத்தி ஓராண்டுக்குப் பிறகும் தொடாமல் இருந்தவர்கள் 0.3 விழுக்காடு. டாக்டர் ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, துண்டுப் பிரசுரம் கொடுத்து, “பிறகு விசாரிப்பேன்” என்றும் சொன்ன குழுவில் 5.1 விழுக்காடு.

5.1 குறைவாகத் தோன்றுகிறதா? பெருக்கிப் பாருங்கள். 10,000 பேரில் முதல் குழுவாக இருந்தால் 30 பேர் விடுவார்கள். இரண்டாம் குழுவாக இருந்தால் 510 பேர். ஓரிரு நிமிடப் பேச்சுக்கு இது பெரிய பலன். ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுக் குழு இருந்ததால்தான் இதை நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இதற்கும் எல்லை உண்டு

நன்றாகக் கேட்பதால் கிருமி சாகாது, இன்சுலின் சுரக்காது. இரத்தச் சோதனைக்கும் மருந்துக்கும் இது மாற்று இல்லை. அவை சரியான ஆளிடம் சரியாகப் போய்ச் சேருவதற்கான வழி, அவ்வளவுதான். டாக்டரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. வெளியே நீண்ட வரிசை காத்திருக்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கிக் கேட்பதற்கும் மன உறுதி வேண்டும். அந்த உறுதியையும் பழகித்தான் பெற வேண்டியிருக்கிறது.

பாட்டியின் மிச்சம்

இப்போது அந்த அறைக்குத் திரும்புவோம். “மிச்சம் எங்கே?” என்று கேட்டபின், அந்த டாக்டர் பாட்டியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். “ஆண்ட்டி, இந்த ஊசியை நினைத்தால் உங்களுக்கு எது ரொம்பக் கவலை?” என்று கேட்டார். என்னிடம், “அவர் சொல்வதை அப்படியே சொல், சுருக்காதே” என்றார்.

பாட்டி சொன்னார்: “தாத்தாவுக்கும் இதே ஊசிதான் போட்டாங்க. ஆரம்பிச்சு நாலு மாசத்துல காலை எடுத்துட்டாங்க. அடுத்த வருசம் போய்ச் சேர்ந்துட்டாரு. எனக்கும் காலை எடுத்துட்டா யாரு என்னைத் தூக்குறது? அதான் நான் போடறதே இல்ல.”

இரண்டு ஆண்டுகளாகப் பாட்டி ஒரு ஊசிகூடப் போடவில்லை. கிளினிக்கில் கொடுத்த இன்சுலின் பேனாக்கள் குளிர்பெட்டியில் ஊறுகாய் போத்தலுக்குப் பின்னால் அடுக்கியபடியே இருந்தன. ‘ஓகே’ என்று நான் சொன்னதை நம்பி, மருந்து போதவில்லை என்று டாக்டர்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். பாட்டி ஏதாவது காரணத்தால் மருத்துவமனையில் சேர்ந்து, அட்டையில் எழுதியிருந்த முழு அளவையும் ஒரே நாளில் போட்டிருந்தால் என்ன ஆகும்? இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று மிகவும் குறைந்து, நினைவிழந்து, உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். படிவம் 4 மாணவியின் ஒரு சொல் அவ்வளவு தூரம் போயிருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. “நீங்கள் நினைப்பது தவறு” என்றும் சொல்லவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார். “ஊசி ஆரம்பிப்பதற்கு முன்னால் தாத்தாவின் கால் எப்படி இருந்தது?”

பாட்டி யோசித்தார். “புண்ணு இருந்துச்சு. ரொம்ப நாளா ஆறவே இல்ல.” சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானாகவே கேட்டார், “அப்போ ஊசியால இல்லியா?”

முதலில் ஊசி, பிறகு கால் போனது. ஆகவே ஊசிதான் காரணம் என்று பாட்டி கணக்குப் போட்டிருந்தார். உண்மையில் பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரைதான் தாத்தாவின் காலைக் கெடுத்தது. ஊசி மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடமே போகாத பாட்டி, ஒரு சரியான கேள்வி கிடைத்ததும் அந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்துவிட்டார்.

அன்று டாக்டர் அட்டையில் இருந்த பெரிய அளவை அடித்துவிட்டு, குறைந்த அளவிலிருந்து புதிதாகத் தொடங்கினார். இரண்டு வாரத்தில் மறுபடியும் வரச் சொன்னார். சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கியது. பாட்டி அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார், இரண்டு கால்களோடு. ஆனால் வலது கண்ணில் அதற்குள் ஏற்பட்டிருந்த பாதிப்பு சரியாகவில்லை. அந்தக் கண்ணால் அவர் என் பட்டமளிப்புப் படத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ‘ஓகே’ ஞாபகம் வரும்.

நீங்கள் செய்யக்கூடியவை

அடுத்த முறை கிளினிக்கிற்குத் துணைக்குப் போகும்போது இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

1. முதல் நாள் இரவே கேளுங்கள். “நாளைக்கு டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?” என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். “வேறு ஏதாவது?” என்று மறுபடியும் கேளுங்கள். முக்கியமானது பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

2. சுருக்காதீர்கள். பாட்டி சொன்னது உங்களுக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். புரியாத சொல் வந்தால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். உங்கள் முன்னிலையில் பேசப் பாட்டி கூச்சப்படுவதாகத் தோன்றினால், பெரியவர் ஒருவரையோ தமிழ் தெரிந்த தாதியையோ கூப்பிடச் சொல்லுங்கள்.

3. மருந்து சாப்பிடவில்லை என்றால் உண்மையைச் சொல்ல உதவுங்கள். சாப்பிடாததைவிட, சாப்பிடுவதாகச் சொல்வது அதிக ஆபத்தில் முடியலாம். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம்.

4. அறையை விட்டு வெளியேறுமுன், டாக்டர் சொன்னதைப் பாட்டியையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வகுப்பில் செய்ய ஒரு சோதனையும் உண்டு. இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் “இந்த வாரம் உன்னை ரொம்பத் தொந்தரவு செய்தது எது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். மூன்றாவது மாணவர் நேரத்தை அளக்க வேண்டும். பேசுபவர் தானாக நிறுத்தும்வரை எத்தனை விநாடிகள்? கேட்பவருக்கு எத்தனையாவது விநாடியில் குறுக்கிடத் தோன்றியது? வகுப்பு முழுவதற்கும் சராசரியையும் இடைநிலையையும் கணக்கிட்டு, பாசல் நகரத்தின் 92, 59 என்ற எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் வகுப்பில் நான் இதை ஒவ்வோர் ஆண்டும் செய்கிறேன். நேரத்தைக் குறித்து முடித்ததும், கேட்டவரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “அவர் சொன்னதில் எவ்வளவு உனக்கு நினைவிருக்கிறது? மிச்சம் எங்கே?”